கரும்பறிஞர் வெங்கட்ராமன்

ஆரணி பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். பட்டுத் தறிகளில் மயில்கழுத்து நிறத்தில் புடைவை நெய்வதைப் பலர் பார்த்திருப்பர். அந்நிறச் சாயத்தில் தோய்த்த நூல் எதுவும் அத்தறியில் இராது. ஒரு நிறப் பாவில் வேறொரு நிற ஊடையைச் செலுத்துவர். நீலமும் பச்சையும் நெடுக்கும் குறுக்குமாகக் கலந்த இடத்தில் மயிலின் கழுத்து ஒளிரும். தனியே நின்ற நூல் எதற்கும் இல்லாத அழகு, இரண்டு நூல்கள் இணைந்தமையால் பிறக்கிறது.

பயிர்த்தொழிலிலும் இத்தகைய இணைப்பு உண்டு. ஒரு செடியில் இனிமை இருக்கும், வலிமை இராது. மற்றொன்றில் வலிமை இருக்கும், இனிமை இராது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, நோயையும் வறட்சியையும் தாங்கி நிற்கும் பயிரை உழவர்க்கு அளித்த அறிஞர் சிலர் உளர். அவருள் தமிழ்நாட்டு மண்ணிலே பணிபுரிந்து, கடல் கடந்த நாடுகளிலும் புகழ் பரப்பியவர் டி. எஸ். வெங்கட்ராமன் ஆவார். இன்று நாம் உண்ணும் ஒவ்வொரு கரண்டிச் சர்க்கரையிலும் அவர்தம் உழைப்பின் பயன் கலந்திருக்கிறது.

கரும்பும் கேடும்

வெங்கட்ராமன் 1884ஆம் ஆண்டில் பிறந்தார். கல்வி முடித்தபின் சென்னை மாகாணத்து வேளாண்மைத் துறையில் பணி ஏற்றார். அவர் இளைஞராயிருந்த காலத்தில் இந்தியக் கரும்பின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது.

கரும்பு நம் நாட்டுக்குப் புதியதன்று. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தனர் என்று புறநானூறு கூறுகிறது. சர்க்கரை என்னும் சொல்லே இந்நாட்டில் தோன்றி, பிற நாட்டு மொழிகள் பலவற்றுள் புகுந்தது. அத்தகைய பழம்பெருமை வாய்ந்த நாடு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் தேவைக்குரிய சர்க்கரையைச் சாவகத் தீவிலிருந்து கப்பல் கப்பலாக வரவழைத்தது. உழவர் கரும்பு பயிரிடாமல் இல்லை. பயிரிட்ட கரும்பு போதிய பயன் தரவில்லை.

கங்கைச் சமவெளியில் விளைந்த கரும்பு விரல் அளவே பருமன் உடையது. அது குளிரையும் வறட்சியையும் ஓரளவு தாங்கியது. ஆனால் அதன் சாறு குறைவு, விளைச்சலும் குறைவு. தென்னாட்டில் வேறு வகைக் கரும்பும் இருந்தது. அது பருத்து, மென்மையும் இனிமையும் கொண்டு விளங்கியது. நியூகினித் தீவில் தோன்றி உலகெங்கும் பரவிய அவ்வகையை அறிஞர்கள் உயர்குலக் கரும்பு என்று அழைப்பர். செல்வர் வீட்டுக் குழந்தையைப் போல அது நிறைந்த நீரும் நல்ல மண்ணும் வேண்டி நின்றது. நோய் வந்தாலோ, எளிதில் இரையாகியது.

அந்த நோய் வந்தே விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோதாவரி ஆற்றின் கழிமுகப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் திடீரெனக் காயத் தொடங்கின. நோய் கண்ட கரும்பின் இலைகள் மஞ்சள் நிறமாகி வாடின. கழியைப் பிளந்து பார்த்தால், வெண்மையாய் இருக்கவேண்டிய உட்பகுதி செந்நிறமாய் மாறியிருந்தது. அச்செந்நிறத்தின் குறுக்கே ஆங்காங்கே வெண்திட்டுகள் தோன்றின. புளித்த கள்ளின் வாடை வீசியது. அத்தகைய கரும்பின் சாறு வெல்லமாகத் திரளவில்லை. நெல் பொய்த்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். கரும்போ ஏறத்தாழ ஓராண்டு நிலத்தில் நிற்பது. அது அறுவடைக் காலத்தில் அழுகினால், உழவன் ஓராண்டு உழைப்பையும் கடன் பெற்றுச் செலவிட்ட பொருளையும் ஒருங்கே இழந்தான்.

இந்நோய்க்குச் செவ்வழுகல் என்று பெயர். கண்ணுக்குப் புலனாகாத ஒரு பூஞ்சாணமே இதற்குக் காரணம். அதனைச் சாவகத் தீவில் வெண்ட் என்னும் டச்சு அறிஞர் 1893ஆம் ஆண்டில் விளக்கிக் கூறியிருந்தார். இந்தியாவில் இந்நோயை ஆராய்ந்தவர், சென்னை மாகாண அரசின் தாவரவியல் அறிஞராய் இருந்த சி. ஏ. பார்பர் என்னும் ஆங்கிலேயர். அவருடைய முயற்சியால் 1902ஆம் ஆண்டில் கோதாவரிப் பகுதியைச் சார்ந்த சாமல்கோட்டையில் கரும்பு ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று நிறுவப்பட்டது. நோயற்ற கரணைகளைத் தேர்ந்து நடவேண்டும் என்று பார்பர் உழவர்க்கு அறிவுறுத்தினார். வெளிநாட்டுக் கரும்பு வகைகளையும் வருவித்துச் சோதித்தார்.

எனினும் நோயின் வேர் ஆழத்தில் இருந்தது. கரும்பை உழவர் விதையிட்டுப் பயிரிடுவதில்லை. கழியைக் கணுக்களோடு கரணைகளாக வெட்டி நடுகின்றனர். ஒவ்வொரு கணுவிலும் உள்ள பரு முளைத்துப் புதிய கரும்பாகிறது. ஆதலின் ஆயிரம் ஏக்கரில் ஒரே வகைக் கரும்பு நின்றாலும், அவை யாவும் ஒரு செடியின் துண்டுகளே. தாயின் இனிமை அவை அனைத்திலும் இருக்கும். தாயின் குறையும் அனைத்திலும் இருக்கும். ஒரு கரும்பை வீழ்த்தும் ஆற்றல் பெற்ற நோய், தோட்டம் முழுவதையும் வீழ்த்த வல்லது. அன்றியும், நோயுற்ற கரணையோடு நோயும் ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குப் பயணம் செய்யும். புதிய இயல்புடைய கரும்பு வேண்டுமாயின், கரணையால் அது கிடைக்காது. விதையால்தான் கிடைக்கும்.

விதையில் ஒளிந்திருந்த வாய்ப்பு

கரும்பு முளைக்கத்தக்க விதையைத் தராது என்று நெடுங்காலம் பலர் நம்பி வந்தனர். அதன் பூங்கதிர் நாணற் பூவைப் போல வெண்பஞ்சாய் விரிந்து காற்றில் ஆடும். பின்னர் உதிர்ந்து போகும். அந்தப் பஞ்சில் மிக நுண்ணிய விதைகள் உள்ளன என்பதும், அவற்றுள் சில முளைக்கும் என்பதும் 1887ஆம் ஆண்டில் சாவகத்திலும், 1888ஆம் ஆண்டில் மேலையிந்தியத் தீவுகளுள் ஒன்றான பார்படோசிலும் ஐயமின்றி நிலைநாட்டப்பட்டன. அது கரும்பின் வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். கரணையிலிருந்து வரும் கரும்பு தாயின் படியே இருக்கும். விதையிலிருந்து வரும் நாற்றுகளோ ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. உடன்பிறந்த பிள்ளைகள் முகத்தாலும் குணத்தாலும் வேறுபடுவதைப் போல அவையும் வேறுபடும். அவ்வேற்றுமைக்குள்ளேதான் நோயை எதிர்க்கும் கரும்பு ஒளிந்திருந்தது.

இந்தியாவில் அதனைத் தேடுவதற்கென்று 1912ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு மிகுதியாகப் பயிராவது வடநாட்டில். அங்கிருக்க, தெற்கே கோயமுத்தூரைத் தேர்ந்தது ஏன் என்று ஐயம் எழலாம். வடநாட்டில் கரும்பு பூப்பது அரிது. பூத்தாலும் நல்ல விதை பிடிப்பது அதனினும் அரிது. கோயமுத்தூரின் தட்பவெப்ப நிலையிலோ கரும்பு நன்கு பூத்து, முளைக்கும் விதையைத் தருகிறது. ஆகவே மணவினை கோயமுத்தூரிலும் வாழ்க்கை வடநாட்டிலும் என்னும் ஏற்பாடு உருவாயிற்று. நிலையத்தின் முதல் தலைவராகப் பார்பர் அமர்ந்தார். அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார் வெங்கட்ராமன். அப்பொழுது அவருக்கு வயது 28.

அவர் மேற்கொண்ட வேலை எளியதன்று. கரும்புப் பூங்கதிரில் பல்லாயிரம் சிறு பூக்கள் நெருங்கியிருக்கும். அவற்றின் மகரந்தம் தூசினும் நுண்ணியது. காற்றில் பறந்து எங்கும் செல்வது. வேண்டாத மகரந்தம் ஒன்று விழுந்தாலும் தந்தை யார் என்று தெரியாமற் போகும். ஆதலின் கதிர்களைத் துணிக்கூண்டுகளால் மூடிக் காக்க வேண்டியிருந்தது. எந்தக் கரும்பின் மகரந்தம் உயிர்ப்புள்ளது, எதனுடையது பதர் போன்றது என்பதையும் முன்னரே அறிய வேண்டும். மகரந்தத்தில் அயோடின் கரைசலைத் துளித்து உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் நோக்கினால், மாவுப்பொருள் நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகத் தோன்றும். மற்றது நிறம் பெறாது. மகரந்தம் மலடாய் உள்ள கரும்பைத் தாயாகவும், உயிர்ப்புள்ள மகரந்தம் தரும் கரும்பைத் தந்தையாகவும் கொண்டால் குழப்பம் நேராது. இம்முறைகளை வெங்கட்ராமன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து செம்மைப்படுத்தினார். மகரந்தத்தைக் கெடாமற் காப்பது எவ்வாறு என்பதையும் ஆராய்ந்தார். கரும்பின் வேர்கள் எவ்வளவு ஆழம் செல்கின்றன என்பதையும் விடவில்லை. வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் தாங்கும் ஆற்றல் வேரைப் பொறுத்ததன்றோ?

நாணலின் கொடை

உயர்குலக் கரும்புக்கு வலிமையூட்ட எந்தச் செடியைத் துணையாக்குவது என்பதே பெரிய வினாவாக நின்றது. விடை தோட்டத்திற்குள் இல்லை. வேலிக்கு வெளியே இருந்தது. ஆற்றங்கரைகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் தானே வளரும் நாணல், கரும்பின் நெருங்கிய உறவினம் ஆகும். அதில் சாறு இல்லை, இனிமை இல்லை. உழவர் அதனைக் களையென்று வெறுத்து வேரோடு தோண்டி எறிவர். ஆனால் வெள்ளத்தில் மூழ்கினாலும் அது அழுகுவதில்லை. கோடையில் காய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். கரும்பை அழிக்கும் நோய்கள் பலவற்றைத் தாங்கும் வலிமையும் அதற்கு உண்டு. எவரும் நீர் பாய்ச்சாமல், எவரும் மருந்திடாமல், பல்லாயிரம் ஆண்டுகள் இயற்கையோடு போராடிப் பெற்ற வலிமை அது.

அந்த நாணலின் மகரந்தத்தை, வெள்ளை என்னும் பெயருடைய உயர்குலக் கரும்பின் பூவில் சேர்த்தனர் கோயமுத்தூர் அறிஞர்கள். விதை பிடித்தது. முளைத்த நாற்றுகளை வளர்த்து, ஒவ்வொன்றையும் சோதித்து, ஒன்றைத் தேர்ந்தனர். அதுவே கோ 205 என்னும் கரும்பு. கோயமுத்தூரின் முதற்பகுதியே கோ என்னும் குறியாக அமைந்தது. 1918ஆம் ஆண்டில் அது பஞ்சாப் உழவர்க்கு வழங்கப்பட்டது. அங்குள்ள பழைய மெலிந்த கரும்பைவிட அது மிகுந்த விளைச்சலைத் தந்தது. நீர் தேங்கிய நிலத்திலும் நீர் குறைந்த நிலத்திலும் வளர்ந்தது. நாணலைத் தந்தையாகக் கொண்டு பயிரிடத்தக்க கரும்பு ஒன்றைப் படைக்க இயலும் என்பது உறுதியாயிற்று.

தறியில் நெசவாளர் எண்ணிய நிறமே துணியில் தோன்றும். செடிகளின் கலப்பில் அவ்வாறு நேர்வதில்லை. கரும்பின் இனிமையும் நாணலின் வலிமையும் கூடிய பிள்ளை பிறக்கலாம்; கரும்பின் மென்மையும் நாணலின் வெறுமையும் கூடிய பிள்ளையும் பிறக்கலாம். பின்னது பிறப்பதே மிகுதி. பல்லாயிரம் நாற்றுகளுள் ஒன்றோ இரண்டோ தேறும். மற்றவற்றைக் களைந்தெறிய வேண்டும். களைந்தவற்றுக்காக வருந்தாமலும், தேறியதைக் கண்டு மயங்காமலும், ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும் பொறுமையே இத்தொழிலின் முதல் தகுதி. அப்பொறுமை வெங்கட்ராமனிடம் நிறைந்திருந்தது.

இத்தேர்வுக்கு அடிப்படையாக ஒரு புதிய அறிவியல் அந்நாளில் வளர்ந்துவந்தது. ஆஸ்திரியத் துறவியாகிய மெண்டல், பட்டாணிச் செடிகளைக் கலந்து, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குக் கணக்கு வழுவாமல் செல்கின்றன என்று 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1900ஆம் ஆண்டில்தான் உலகம் அதனைப் போற்றியது. நோயை எதிர்க்கும் இயல்பும் அவ்வாறே பெற்றோரிடமிருந்து வருவதா என்பதை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சார்ந்த பிஃபென் என்னும் அறிஞர் கோதுமையில் ஆராய்ந்தார். மஞ்சள் துரு நோயைத் தாங்கும் கோதுமையையும் தாங்காத கோதுமையையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை முழுவதும் நோய்க்கு இரையாயிற்று. ஆயினும் அவற்றின் விதையிலிருந்து வந்த இரண்டாம் தலைமுறையில், ஏறத்தாழ நான்கில் ஒரு செடி நோயின்றி நின்றது. மறைந்து போனதாகத் தோன்றிய வலிமை மறையவில்லை. உள்ளே தங்கியிருந்து பின்னர் வெளிப்பட்டது. 1905ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு, நோயெதிர்ப்பும் மரபுவழிச் செல்வமே என்பதை உலகுக்கு உணர்த்திற்று.

கரும்பில் இக்கணக்கு கோதுமையைப்போல் எளியதன்று. பண்புகளைச் சுமந்து செல்லும் நுண்ணிய இழைகளைக் குரோமோசோம்கள் என்பர். உயர்குலக் கரும்பின் உயிரணு ஒவ்வொன்றிலும் 80 குரோமோசோம்கள் உள்ளன. கோயமுத்தூர் நாணலில் 64 உள்ளன. பொதுவாகத் தாயும் தந்தையும் தத்தம் குரோமோசோம்களில் பாதியைப் பிள்ளைக்கு அளிப்பர். உயர்குலக் கரும்பு தாயாகி, நாணல் தந்தையானால் மட்டும், தாய் தன்னிடம் உள்ள 80 முழுவதையும் அளித்துவிடுகிறது. நாணல் பாதியே அளிக்கிறது. சாவகத்தில் பிரெமர் என்னும் டச்சு அறிஞர் இதனைக் கண்டறிந்தார். இதனால் ஒரு நன்மை விளைந்தது. பிறந்த பிள்ளையை மீண்டும் மீண்டும் உயர்குலக் கரும்போடு கலந்தால், நாணலின் வெறுமை விரைவில் குறைகிறது. வேண்டிய வலிமையைத் தேர்வினால் காத்துக்கொள்ளலாம்.

இம்முறை கரும்புக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் விளையும் பட்டில் பெரும்பகுதி கலப்பினப் புழுக்களிலிருந்து கிடைப்பதே. மைசூர் நாட்டுப் பழைய பட்டுப்புழு வெப்பத்தையும் நோயையும் தாங்கும். ஆனால் சிறிய கூடே கட்டும். குளிர்நாட்டு வழிவந்த புழு நீண்ட, உயர்ந்த இழையைத் தரும், ஆனால் மென்மையானது. இரண்டையும் கலந்து பெற்ற புழு, இரண்டின் நன்மையையும் ஓரளவு பெறுகிறது. நாணலின் வலிமை கரும்புக்கு வந்த வழியும் இதுவே.

வெற்றி உலாவியது

1919ஆம் ஆண்டில் பார்பர் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார். நிலையத்தின் பொறுப்பு வெங்கட்ராமன் கைக்கு வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அத்தகைய பொறுப்பு இந்தியர் ஒருவருக்குக் கிட்டுவது அந்நாளில் அரிய செய்தி. அப்பொறுப்பை அவர் 1942ஆம் ஆண்டு வரை வகித்தார்.

இரண்டு இனங்களின் கலப்போடு அவர் நிறைவு கொள்ளவில்லை. உயர்குலக் கரும்பின் இனிமை, வடநாட்டு மெலிந்த கரும்பின் பொறுமை, நாணலின் வலிமை ஆகிய மூன்றையும் ஒரே கரும்பில் சேர்க்க முற்பட்டார். கடல் கடந்த துணையையும் நாடினார். சுன்னி என்னும் இந்தியக் கரும்பைச் சாவகத்தில் டச்சு அறிஞர்கள் தம் நாட்டுப் பருத்த கரும்போடு முன்னரே கலந்து, பி.ஓ.ஜே. 213 என்னும் வகையைப் பெற்றிருந்தனர். அதனைக் கோயமுத்தூருக்குக் கொணர்ந்து, இங்குள்ள கரும்புகளோடு கலந்தனர். கடல் கடந்து சென்ற இந்தியக் கரும்பின் மரபு, புதிய வலிமையோடு தாய்நாடு திரும்பியது. இவ்வழியில் கோ 213, கோ 281 முதலிய வகைகள் தோன்றின. அவற்றோடு கோ 290, கோ 312, கோ 313 போன்றவையும் அடுத்தடுத்து வெளிவந்தன. பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பழைய மெலிந்த கரும்புகள் மறைந்தன. கோயமுத்தூர்க் கரும்புகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

அயல்நாடுகளும் அவற்றை வரவேற்றன. அமெரிக்காவில் உள்ள லூசியானாவில் தேமல் நோய் பரவி, 1920களின் நடுவில் கரும்புத் தொழிலே அழியும் நிலைக்கு வந்திருந்தது. இலைகளில் வெளிறிய புள்ளிகளாகத் தோன்றி, கரும்பைக் குன்றச் செய்யும் நோய் அது. முதலில் சாவகக் கரும்புகளும், பின்னர்க் கோ 281, கோ 290 ஆகிய கோயமுத்தூர்க் கரும்புகளும் அங்குச் சென்று தொழிலைத் தாங்கின. தென்னாப்பிரிக்காவிலும் கோ 281 பழைய கரும்பின் இடத்தைப் பெற்றது. அந்நாட்டு நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு உழைக்கச் சென்றவருள் தமிழர் பலர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

1932ஆம் ஆண்டில் இந்திய அரசு சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பு வரி விதித்தது. உழவரிடம் நல்ல கரும்பு முன்னரே இருந்தமையால், சில ஆண்டுகளுக்குள் நாட்டில் ஆலைகள் பன்மடங்கு பெருகின. சாவகச் சர்க்கரையின் தேவை ஒழிந்தது. வரி மட்டும் இருந்து கரும்பு இல்லையெனின், அந்த ஆலைகள் அரைக்க ஒன்றும் இருந்திராது.

வீழ்ச்சி தந்த பாடம்

புகழின் உச்சியில் ஒரு பெருங்கேடு நேர்ந்தது. 1938ஆம் ஆண்டு தொடங்கிப் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்தின் கிழக்குப் பகுதியிலும் செவ்வழுகல் நோய் பெருவாரியாகப் பரவியது. பல ஆண்டுகள் உழவர் நம்பியிருந்த கோ 213 வயல் வயலாக அழுகி வீழ்ந்தது. நாற்பது ஆண்டுகட்கு முன் கோதாவரியில் நிகழ்ந்தது கங்கைக் கரையில் மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை அழிந்தது பழைய நாட்டுக் கரும்பன்று. அறிஞர் படைத்த புதிய கரும்பே.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? கரும்பு மாறவில்லை, கரணையால் வளர்வதாதலின் அது மாற இயலாது. மாறியது பூஞ்சாணம். அதுவும் ஓர் உயிர். கோடிக்கணக்கான நுண்விதைகளைத் தோற்றுவிக்கும் அதில், என்றேனும் ஒன்று கரும்பின் காப்பை உடைக்கும் திறனோடு பிறக்கும். பரந்த நிலத்தில் ஒரே வகைக் கரும்பு நின்றால், அந்த ஒன்றே எல்லாவற்றையும் வெல்லும். ஒரே சாவியால் திறக்கும் பூட்டை ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் போட்டால், ஒரு திருடன் போதும் அன்றோ? ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஃப்ளோர் என்னும் அறிஞர் ஆளிச்செடியின் துரு நோயை ஆராய்ந்து, இதனைத் தெளிவாக்கினார். செடியில் எதிர்ப்புக்குரிய மரபணு ஒன்று இருந்தால், அதற்கு எதிராகப் பூஞ்சாணத்திலும் மரபணு ஒன்று உண்டு என்பது அவர் கண்ட முடிவு.

இக்கேட்டினால் கரும்பு ஆராய்ச்சியின் போக்கே மாறியது. விளைச்சலும் இனிமையும் மட்டும் பார்த்துக் கரும்பைத் தேர்வது போதாது என்பது தெளிவாயிற்று. கழியில் சிறு துளையிட்டு, நோயின் நுண்விதையை உள்ளே செலுத்தி மூடி, நோய் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று சோதிக்கும் முறை வலுப்பெற்றது. நோய் பரவாத கரும்புக்கே வயலுக்குச் செல்லும் உரிமை கிடைத்தது. ஒரு வெற்றியோடு முடியும் வேலை இதுவன்று, தலைமுறைதோறும் தொடர வேண்டியது என்பதை நாடு உணர்ந்தது.

பெருமையும் நிறைவும்

வெங்கட்ராமனின் ஆராய்ச்சி நாணலோடு நிற்கவில்லை. கரும்பு முதிர ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. சோளமோ சில மாதங்களில் முதிர்கிறது. விரைவில் முதிரும் கரும்பைப் பெறும் நோக்கத்துடன் கரும்பையும் சோளத்தையும் அவர் கலந்து ஆராய்ந்தார். தென்னிந்திய நிலத்துக்கு ஏற்ற கரும்பும் அவருடைய காலத்திலேயே உருவாயிற்று. சாவகத்தின் புகழ்பெற்ற பி.ஓ.ஜே. 2878 தாயாகவும், கோயமுத்தூரின் கோ 290 தந்தையாகவும் அமைய, கோ 419 பிறந்தது. அது பல ஆண்டுகள் தென்னாட்டு வயல்களில் தலைமை பெற்று விளங்கியது.

அறிவுலகம் அவரைப் போற்றியது. 1937ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் பேரவைக்கு அவர் தலைமை தாங்கினார். அங்கு அவர் தம் தலைமை உரைக்குப் பொருளாகக் கரும்பை எடுக்கவில்லை. இந்தியக் கிராமத்தின் பழமையையும் நிகழ்வையும் எதிர்காலத்தையும் பற்றியே பேசினார். ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் அறிவு சென்று சேரவேண்டிய இடம் சிற்றூரே என்பதை அவர் மறவாதிருந்தார். 1942ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. அவ்வாண்டிலேயே அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். விடுதலை பெற்ற இந்தியா 1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. 1963ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் மறைந்தார்.

அவர் தொடங்கிவைத்த பணி தொடர்கிறது. 1940களின் இறுதியில் நாணல் வகைகளைத் திரட்டுவதற்கென்றே அறிஞர் குழுக்கள் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்றன. மலையடிவாரத்திலும் பாலை நிலத்திலும் சதுப்பு நிலத்திலும் வளர்ந்த நாணல்கள் தேடித் திரட்டப்பட்டன. கேரளத்தில் உள்ள கண்ணனூரில், உலகின் பல நாடுகளைச் சார்ந்த கரும்பு வகைகள் நோயணுகாமல் வளர்த்துக் காக்கப்படுகின்றன. இன்று உழவர் பயிரிடும் கரும்பின் குரோமோசோம்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை நாணலின் வழிவந்தவை என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். களையென்று எறிந்த செடி, கரும்பின் உடலிலே கலந்து வாழ்கிறது.

செவ்வழுகல் நோயும் ஓய்ந்துவிடவில்லை. கடலூரில் உருவாகி, இனிமையால் புகழ்பெற்ற கோசி 671 என்னும் கரும்பு பின்னர் அந்நோய்க்கு இரையாகியது. 2009ஆம் ஆண்டில் வெளியாகி, உத்தரப் பிரதேசத்தின் பெரும்பகுதியில் பரவிய கோ 0238 என்னும் கரும்பையும் அண்மை ஆண்டுகளில் அது தாக்கிற்று. ஒரே வகையை எங்கும் பரப்புவதன் ஆபத்து 1938இல் வெளிப்பட்டது போலவே மீண்டும் வெளிப்பட்டது. ஒவ்வொரு முறையும் அறிஞர்கள் புதிய கரும்பைத் தேடிச் சென்ற இடம், பழைய வகைகளும் நாணல்களும் காக்கப்பட்ட அதே தோட்டம்தான்.

ஆரணியைச் சூழ்ந்த வட்டாரத்திலும் நெல்லோடும் வேர்க்கடலையோடும் கரும்பு விளைகிறது. அங்குள்ள மாணவர் கரும்பைக் கடித்துச் சுவைக்கையில், அதன் இனிமைக்குள் ஓர் ஆற்றங்கரைப் புல்லின் உறுதி மறைந்திருப்பதை எண்ணிப் பார்க்கலாம். பயனற்றது என்று உலகம் ஒதுக்கிய பொருளிலும் பயன் காண்பவனே அறிஞன். கண்ட பயனைப் பொறுமையோடு வளர்த்து, ஏழை உழவனின் வயலுக்குக் கொண்டு சேர்ப்பவன் பெரியோன். வெங்கட்ராமன் அறிஞராகவும் பெரியோராகவும் வாழ்ந்தார். நம் வயல்களின் ஓரத்தில் நிற்கும் எளிய செடிகளை அழியாமல் காப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.